புயலுக்கு முன்னும் பின்னும்: வீடு, கார், கடை, இன்சூரன்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இந்தக் கேள்விகளும் வரிசையாக வந்துவிடும். பாதிக் கேள்விகள் புயலுக்கு முதல் நாள் ராத்திரி வரும். மீதி, தண்ணீர் வடிந்த மறுநாள் காலையில். இன்சூரன்ஸ் பணம் கைக்கு வருவதும் வராமல் போவதும் பெரும்பாலும் அந்த இரண்டு நேரங்களில் நாம் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தது. அதனால் உயிருக்கான பாதுகாப்பையும் பணத்துக்கான பாதுகாப்பையும் இங்கே சேர்த்தே எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் சென்னையும் கடலோர மாவட்டங்களும் நேரில் பார்த்த புயல்களிலிருந்து வந்தவை.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று தினமும் ஒரு எச்சரிக்கை வருகிறது. எதற்கு நிஜமாகவே பயப்பட வேண்டும்?

மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் தயாரிப்பை முடித்துவிட்டு உள்ளே இருங்கள். 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் மழை வரும் என்று மதிப்பிட்டால் வானிலை மையம் அதை 'அதி கனமழை' என்கிறது. அந்தச் சொல் காதில் விழுந்தால் தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் அன்றைக்கே முடிவெடுத்துவிட வேண்டும்.

நிறைய பேர் செய்யும் தவறு, புயல் எங்கே கரையைக் கடக்கும் என்பதை மட்டும் பார்ப்பது. மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 5 அன்று ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நாட்களிலேயே சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் எல்லாம் மூழ்கிவிட்டன. புயல் 'நம்ம ஊருக்கு வரவில்லை' என்பதால் மழை வராது என்று அர்த்தமில்லை.

புயலின் பெயருக்கு முன்னால் போடும் அடைமொழியும் அப்படித்தான். 'தீவிர', 'மிகத் தீவிர' என்பதெல்லாம் காற்றின் வேகத்தை வைத்துச் சொல்வது. மணிக்கு 62 முதல் 88 கி.மீ. வரை காற்று இருந்தால் வெறும் புயல், 118 கி.மீ.யைத் தொட்டால் மிகத் தீவிரப் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், இந்தக் கணக்கில் மிகக் கீழே இருக்கும் படி, வெறும் புயல்தான். ஆனால் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. கடலிலிருந்து தள்ளி இருக்கும் திருவண்ணாமலையில் மண் சரிந்தது, தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. காற்றுக்கு ஒரு கணக்கு, தண்ணீருக்கு வேறு கணக்கு.

காற்று சட்டென்று நின்றுவிட்டது. வெளியே போய்ப் பார்க்கலாமா?

கூடாது. புயலின் கண் உங்கள் தலைக்கு மேல் வந்திருக்கலாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது இதுதான் நடந்தது. காலையிலிருந்து அடித்த காற்று மதியத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் அடங்கியது. கண் நகர்ந்ததும் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடித்தது. முதல் பாதியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வேர் தளர்ந்து நிற்கும் மரத்தை இரண்டாம் பாதி எதிர்ப்பக்கமாகத் தள்ளும். புயல் முழுவதும் கடந்துவிட்டது என்று வானிலை மையம் சொன்ன பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும்.

முதல் நாளே வீட்டில் என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

மெழுகுவத்தி, பிரெட், பால் பவுடர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலரும் மறந்துவிடுகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். பூந்தொட்டி, பிளாஸ்டிக் நாற்காலி, கழற்றிப் போட்ட தகர ஷீட், தண்ணீர்த் தொட்டியின் மூடி, இவையெல்லாம் காற்றில் பறந்து அடுத்த வீட்டு ஜன்னலை உடைக்கும். டிஷ் ஆன்டெனா போல்ட்டை ஒரு சுற்று இறுக்குங்கள். மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் அடைத்திருக்கும் இலைகளை எடுத்துவிடுங்கள். மாடியில் தேங்கும் தண்ணீர்தான் பிறகு கூரை வழியாகக் கீழே இறங்கும்.

மேல்நிலைத் தொட்டியை நிரப்பி வையுங்கள். தரைக்குக் கீழே இருக்கும் சம்ப்பின் மூடியை நன்றாக மூடி, விளிம்பைப் பிளாஸ்டிக் ஷீட்டும் மணல் மூட்டையும் வைத்து அடையுங்கள். தெரு வெள்ளம் சம்ப்புக்குள் போனால் சாக்கடையும் சேர்ந்தே போகும். குடிக்கத் தனியாகக் கேன்.

கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை அணைத்துவிடுங்கள். மாத்திரைச் சீட்டு, மாத்திரை, பத்திரம், ஆதார், பாலிசி எல்லாவற்றையும் ஜிப் கவரில் போட்டுப் பரணில் வையுங்கள். இவற்றை மொபைலில் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் மொபைலே நனைந்துவிட்டால் அவர்தான் உங்கள் பீரோ.

அப்புறம் முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. மொபைலில் வீடியோவை ஆன் செய்துகொண்டு வாசல் கேட்டிலிருந்து சமையலறை வரை ஒரு நடை நடந்துவிடுங்கள். டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வர்ட்டர் ஒவ்வொன்றின் பின்னாலும் மாடல் எண் ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கிட்டத்தில் காட்டுங்கள். பீரோவைத் திறந்து காட்டுங்கள். காம்பவுண்ட் சுவர், மோட்டார், ஏசியின் வெளி யூனிட் விட்டுப்போக வேண்டாம். ஐந்து நிமிட வேலைதான். பொருள் இருந்தது, நல்ல நிலையில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எப்போது மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும்?

வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று தோன்றிய உடனே, கால் நனைவதற்கு முன்பே அணைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு ஸ்விட்சைத் தொடாதீர்கள். இன்வர்ட்டரைத் தனியாக அணைக்க வேண்டும். மெயினை அணைத்தாலும் அது கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதை மறப்பவர்கள் நிறைய. தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. தண்ணீர் வடிந்த பிறகும் ஒரு எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லாமல் மெயினைப் போட வேண்டாம். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்குள்ளோ, கதவை மூடிய கார் ஷெட்டிலோ ஓட்டக் கூடாது. அந்தப் புகையில் இருக்கும் வாசனையில்லாத வாயு ஆளைக் கொல்லும்.

முகாமுக்குப் போகச் சொல்கிறார்கள். போக வேண்டுமா?

கூரை வீடு, ஆஸ்பெஸ்டாஸ் வீடு, ஆற்றோரம், ஏரிக்கரை, கடலோரம் என்றால் சொன்ன உடனே கிளம்புங்கள். கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே நள்ளிரவுக்குப் பிறகு கரையைக் கடந்தது. அந்த நேரத்தில், அந்த இருட்டில், கிளம்பலாம் என்று நினைத்தாலும் முடியாது. வெளிச்சம் இருக்கும்போதே போய்விட வேண்டும். உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை மாநகராட்சிக்கு 1913.

காரை எங்கே நிறுத்துவது?

பேஸ்மென்ட்டில் மட்டும் வேண்டாம். மரத்தடியிலும் வேண்டாம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் காரை நிறுத்தியதைப் பார்த்து ஊரே சிரித்தது. முந்தைய வருடம் மிக்ஜாமில் காரைத் தண்ணீரில் விட்டவர்களுக்கு அது சிரிப்பாக இல்லை. உயரமான இடத்தில் இருக்கும் உறவினர் வீடு, மால் பார்க்கிங்கின் மேல் தளம், எதுவானாலும் முதல் நாளே கொண்டு போய்விடுங்கள்.

காருக்குள் தண்ணீர் போய்விட்டது. ஸ்டார்ட் செய்து பார்த்தால்தானே தெரியும்?

தயவுசெய்து சாவியைத் திருப்பாதீர்கள். வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டு எஞ்சின் பூட்டிக்கொள்ளும். கனெக்டிங் ராடு வளையும். அப்படி வரும் எஞ்சின் சேதத்தை 'வெள்ளத்தால் வந்தது இல்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்தது' என்று சொல்லிச் சாதாரண பாலிசியில் கழித்துவிடுவார்கள். எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால் தப்பிக்கலாம். அதிலும் நிபந்தனைகள் உண்டு.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பது தெரியும்படி காரின் படம் எடுங்கள். முடிந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். கம்பெனிக்குத் தகவல் சொல்லி, இழுவை வண்டியில் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள்.

தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. காம்ப்ரிஹென்சிவ் அல்லது சொந்தச் சேத கவர் வேண்டும். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். அதாவது ஐ.டி.வி. 6 லட்சம் என்றால் 4.5 லட்சம்தான் எல்லை. பைக்குக்கும் இதே கதைதான்.

என் வீட்டுக்கு என்ன பாலிசி எடுக்க வேண்டும்? புயல், வெள்ளம் தனியாகக் கேட்க வேண்டுமா?

2021 ஏப்ரல் 1 முதல், இன்சூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைப்பின் உத்தரவுப்படி எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருக ரக்‌ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியைத் தர வேண்டும். அதில் புயல், வெள்ளம், நிலச்சரிவு, இடி மின்னல், மரம் விழுவது, தண்ணீர்த் தொட்டி உடைவது எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. கட்டடம் என்றால் நான்கு சுவர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். காம்பவுண்ட் சுவர், கேட், செப்டிக் டேங்க், சோலார் பேனல் எல்லாம் அதில் வரும். புயலில் முதலில் விழுவது காம்பவுண்ட் சுவர்தான். அதற்கு கிளெய்ம் கேட்கலாம் என்று தெரியாமலேயே கொத்தனாரைக் கூப்பிட்டுக் கட்டி முடித்துவிடுகிறார்கள்.

கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுப் பொருட்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே சேரும். அதற்கு மேல் வேண்டுமானால் பட்டியல் கொடுக்க வேண்டும். நகை போன்ற விலையுயர்ந்த பொருட்களுக்குத் தனி கவர். ரொக்கப் பணம், பத்திரம், வாகனம் இதில் வராது.

மாடியில் கீற்றுப் பந்தல் போட்டிருந்தாலோ, வீட்டின் ஒரு பகுதியைக் கடையாக மாற்றியிருந்தாலோ பாலிசி எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மறைத்தால் அது கிளெய்ம் நேரத்தில்தான் வெளியே வரும்.

ஃபிளாட்டை 80 லட்சத்துக்கு வாங்கினேன். 80 லட்சத்துக்கு எடுக்க வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் கொடுத்த விலையில் நிலத்தின் பங்கும் இருக்கிறது. புயல் நிலத்தைத் தூக்கிக்கொண்டு போகாது. மறுபடி கட்ட எவ்வளவு ஆகும் என்பதுதான் கணக்கு. கார்ப்பெட் ஏரியா 1,000 சதுர அடி, கட்டும் செலவு சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 22 லட்சம். பிரீமியத்தைக் கேட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கார் இன்சூரன்ஸுக்குக் கட்டுவதில் சின்னப் பங்குதான் வரும். கார் வாங்கினால் கட்டாயம் என்பதால் கட்டுகிறோம். அதைவிடப் பல மடங்கு விலையுள்ள வீட்டை யாரும் கட்டாயப்படுத்தாததால் விட்டுவிடுகிறோம்.

வீட்டுக் கடன் கொடுத்தபோது வங்கியே இன்சூரன்ஸ் எடுத்ததே?

எடுத்து வைத்திருப்பது என்ன பாலிசி என்று பாருங்கள். பல சமயம் அது கடன் வாங்கியவருக்கு ஏதாவது ஆனால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடாக இருக்கும். வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வீட்டுக்கே எடுத்திருந்தாலும் கடன் தொகைக்கு மட்டும், கட்டடத்துக்கு மட்டும் இருக்கலாம். உள்ளே இருக்கும் பொருட்கள் அதில் இருக்காது. வங்கியின் பெயர் பாலிசியில் இருந்தால் கிளெய்ம் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வாடகை வீட்டில் இருக்கிறோம்.

கட்டடத்தை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். உங்கள் சாமான்களுக்கு மட்டும் நீங்கள் பாலிசி எடுக்கலாம். அவருடைய பாலிசியிலிருந்து உங்கள் சோபாவுக்குப் பணம் வராது.

அபார்ட்மென்ட் அசோசியேஷன் எடுத்திருக்கிறது. போதாதா?

லிஃப்ட், ஜெனரேட்டர், மோட்டார், காம்பவுண்ட், பொதுப் பகுதி எல்லாம் அதில் இருக்கலாம். உங்கள் ஃபிளாட்டின் உட்புறம் இருக்கிறதா என்று செக்ரெட்டரியிடம் பாலிசி நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ஃப்ரிட்ஜ் போய்விட்டது. பணம் வருமா?

எப்படிப் போனது? வெள்ளத்தில் மூழ்கிக் கெட்டிருந்தால் வரும். புயல் முடிந்து கரண்ட் வந்தபோது வோல்டேஜ் எகிறி கம்ப்ரஸர் எரிந்திருந்தால் வராது. ஷார்ட் சர்க்கியூட், அதிக அழுத்தம் போன்றவற்றால் ஒரு மின்சாதனம் தானே கெட்டுப்போவது வீட்டு பாலிசியில் விலக்கப்பட்டிருக்கிறது. அதே ஷார்ட் சர்க்கியூட்டால் தீப்பிடித்துப் பக்கத்தில் இருந்த பீரோ எரிந்தால், பீரோவுக்குக் கிடைக்கும். வினோதமாகத்தான் இருக்கிறது, ஆனால் விதி அப்படி. ஆகவே புயல் நேரத்தில் பிளக்கைக் கழற்றி வைப்பது உங்கள் செலவைத்தான் மிச்சப்படுத்துகிறது.

தண்ணீர் வடிந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் பாம்பு இருக்கிறதா என்று பாருங்கள், நிஜமாகவே சொல்கிறேன். கம்போடு போங்கள், செருப்பில்லாமல் போகாதீர்கள். கேஸ் வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள்.

அடுத்தது துடைப்பம் என்று தோன்றும். அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு மொபைலை எடுங்கள். வீட்டைக் கழுவி, கெட்டதையெல்லாம் தெருவில் போட்டு, மாநகராட்சி லாரி அள்ளிக்கொண்டு போன பிறகு, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து நிற்பார். அவருக்குக் காட்ட எதுவும் இருக்காது. கிளெய்ம் குறைவதற்கு இதுதான் முதல் காரணம் என்பது என் கருத்து.

படம் எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சுவரில் சேறு விட்டுப்போன கோட்டின் பக்கத்தில் ஒரு அளவு டேப்பைப் பிடித்து எடுங்கள். தரையிலிருந்து இரண்டரை அடி என்று படத்திலேயே தெரிந்தால், அந்த உயரத்துக்குக் கீழே இருந்த எல்லாம் மூழ்கின என்பதற்கு வேறு வாதம் தேவையில்லை. ஒவ்வொரு பொருளையும் தள்ளி நின்று ஒன்று, மாடல் எண் தெரியும்படி கிட்டத்தில் ஒன்று. மோட்டாரில் இருக்கும் தகட்டையும் விடாதீர்கள். கட்டிலடியில் ஊறிய மெத்தை, கீழ்த் தட்டில் புடைத்துப்போன துணி, உப்பிய மர அலமாரியின் அடிப்பலகை, வாசல் நிலை, எல்லாம்.

பிறகு ஒரு நோட்டில் பட்டியல் போடுங்கள்: பொருள், வாங்கிய வருடம், சுமாரான விலை, இப்போதைய நிலை.

சரி, நாற்றமெடுக்கும் மெத்தையை எத்தனை நாள் வைத்திருப்பது? வைத்திருக்க வேண்டியதில்லை. படம் எடுத்து, பட்டியலில் சேர்த்து, 'சுகாதாரக் காரணத்தால் இவற்றை அகற்றப் போகிறோம்' என்று கம்பெனிக்கோ சர்வேயருக்கோ மெயில் அனுப்பிவிட்டு அகற்றுங்கள். மின்சாதனங்களை மட்டும் சர்வேயர் பார்க்கும் வரை தூக்கிப் போடாதீர்கள்.

சேதம் மேலும் கூடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை. ஓடு பறந்த இடத்தில் தார்ப்பாய் போடுவது, உடைந்த ஜன்னலுக்குப் பலகை அடிப்பது, இதையெல்லாம் உடனே செய்யலாம், செய்யவும் வேண்டும். அந்த பில்லை வைத்திருங்கள்.

எத்தனை நாளில் தகவல் சொல்ல வேண்டும்?

அன்றைக்கே. டோல் ஃப்ரீ எண்ணில் சொன்னாலும் ஒரு மெயிலும் அனுப்புங்கள். கிளெய்ம் எண்ணை வாங்கிக் குறித்து வையுங்கள். ஏஜென்டிடம் வாயால் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். அவர் வீட்டிலும் தண்ணீர் நின்றிருக்கும். கிளெய்ம் படிவத்தை, சேதத்தைப் பார்த்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கொடுங்கள்.

ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை ஒதுக்க வேண்டும். அவர் 15 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அது வந்த 7 நாட்களுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். ஊரே மூழ்கிய நேரத்தில் தாமதம் ஆகத்தான் செய்யும். ஆனாலும் இந்த நாட்களை மெயிலில் குறிப்பிட்டுக் கேட்டால் பதில் வேகமாக வரும்.

சர்வேயர் வருகிறார். எப்படிப் பேசுவது?

அவர் உங்கள் எதிரியும் இல்லை, உறவினரும் இல்லை. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உரிமம் பெற்றவர், அவருடைய கட்டணத்தைக் கம்பெனி கொடுக்கும், நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. கிளம்பும்போது 'செலவுக்கு' என்று இழுத்தால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

பட்டியலின் ஒரு நகலைக் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக மெயிலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நடந்தே காட்டுங்கள். விட்டுப்போனதைப் பிறகு சேர்ப்பது கஷ்டம். சேதத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். ஒரு பொருளில் பொய் தெரிந்தால் மற்ற எல்லாப் பொருளையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அவர் கேட்கும் தாள்களைப் பட்டியலாக ஒரே மெயிலில் கேட்டு வாங்குங்கள். இன்றைக்கு ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று கேட்பதில்தான் மாதங்கள் ஓடும்.

அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பில் எதுவும் இல்லை. எல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது.

பில் இல்லை என்பதற்காக மட்டும் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது. வங்கி ஸ்டேட்மென்ட், கார்டு செலவு, ஆன்லைன் ஆர்டர் விவரம், இ.எம்.ஐ. தாள், வாரன்டி பதிவு, கடைக்காரரிடம் டூப்ளிகேட் பில், எது கிடைத்தாலும் கொடுங்கள். பிறந்தநாள் படத்தில் பின்னணியில் தெரியும் டிவிகூட உதவும். புயலுக்கு முந்தின நாள் எடுத்த வீடியோ இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. புயல் சேதத்துக்கு எஃப்.ஐ.ஆர். தேவையில்லை; வீட்டைப் பூட்டிவிட்டுப் போன நேரத்தில் திருட்டு நடந்திருந்தால் மட்டும் போலீஸில் புகார் கொடுங்கள். பாரத் கிருக ரக்‌ஷாவில் சேதம் நடந்து 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கும் கவர் இருக்கிறது.

கடைக்கு 10 லட்சத்துக்கு எடுத்திருந்தேன். 4 லட்சம் சரக்கு நனைந்தது. 2 லட்சம்தான் தருகிறார்கள். ஏன்?

புயலன்று கடையில் இருந்த மொத்தச் சரக்கு 20 லட்சம் என்று உங்கள் ஸ்டாக் கணக்கு சொல்லியிருக்கும். 20 லட்சம் சரக்கில் பாதிக்குத்தான் பாலிசி. ஆகவே இழப்பிலும் பாதிதான். பிரீமியத்தில் மிச்சம் பிடிப்பதற்காகத் தொகையைக் குறைத்து எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 5 கோடி வரையிலான சொத்துக்கு உள்ள 'பாரத் சூட்சும உத்யம் சுரக்‌ஷா' பாலிசியில், எடுத்த தொகையின் குறைபாடு 15 சதவீதத்துக்குள் இருந்தால் கழிக்க மாட்டார்கள். அதற்கு மேல் போனால் கழிப்பார்கள். தீபாவளி, பொங்கல் சீசனில் சரக்கு கூடும் கடைக்காரர்கள் வருடத்தின் உச்ச நாளை வைத்துக் கணக்குப் போட வேண்டும். பருவமழையும் தீபாவளிச் சரக்கும் ஒரே நேரத்தில்தான் வருகின்றன.

ஸ்டாக் புத்தகம், ஜி.எஸ்.டி. தாக்கல், கொள்முதல் பில் எல்லாவற்றுக்கும் ஆன்லைன் கிளவுட் கணக்கில் ஒரு நகல் இருக்கட்டும். நனைந்த சரக்கைக் குறைந்த விலைக்கு விற்க முடிந்தால் அந்த மதிப்பைக் கழிப்பார்கள் என்பதையும் எதிர்பார்த்திருங்கள்.

நல்ல செய்தி: வீட்டுக்கான பாரத் கிருக ரக்‌ஷாவில் இந்தப் பாதிக்குப் பாதிக் கழிவு கிடையாது.

பக்கத்து வீட்டு மரம் என் வீட்டில் விழுந்தது. அவரிடம் பணம் கேட்கலாமா?

நல்ல மரம் புயலில் விழுந்தால் பொதுவாக அவர் பொறுப்பில்லை. உங்கள் பாலிசியில் கேளுங்கள். மரம் பட்டுப்போய் ஆபத்தாக நிற்கிறது என்று முன்பே அவருக்கு எழுத்தில் சொல்லியிருந்து, அவர் எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் அது வேறு விஷயம்.

அரசு நிவாரணம் வாங்கினால் இன்சூரன்ஸ் கிடைக்காதா?

இரண்டும் வேறு. மிக்ஜாமுக்குப் பிறகு ரேஷன் கடை வழியாகக் கொடுத்த 6,000 ரூபாய் போன்ற உதவி, கிளெய்மைத் தடுக்காது. வீடு இடிந்திருந்தால் வி.ஏ.ஓ.விடம் தகவல் கொடுத்துக் கணக்கெடுப்பில் பெயர் சேருங்கள். அவர்கள் தரும் தாள் கிளெய்முக்கும் ஆதாரமாக உதவும்.

தென்னந்தோப்புக்கு இன்சூரன்ஸ் உண்டா?

உண்டு. கஜாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர் பக்கம் சாய்ந்த தென்னைகளைப் பார்த்தவர்கள் யாரும் இதைத் தள்ளிப்போட மாட்டார்கள். தென்னை வளர்ச்சி வாரியமும் வேளாண் காப்பீட்டு நிறுவனமும் நடத்தும் திட்டத்தில் 4 முதல் 15 வயது மரத்துக்கு 900 ரூபாய், 16 முதல் 60 வயது மரத்துக்கு 1,750 ரூபாய் காப்பு. பிரீமியம் மரத்துக்கு 9, 14 ரூபாய். அதிலும் பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் ஏற்கின்றன. காய்க்கிற மரத்தின் விலைக்கு இந்தத் தொகை எந்த மூலைக்கு என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் மரத்துக்கு மூன்றரை ரூபாய் கட்டி வாங்குவதை விடவும் முடியாது. நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு எடுத்தவர்கள், அறுத்து வயலில் கிடந்த கதிர் நனைந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும்.

'கிளெய்ம் வாங்கித் தருகிறேன், இருபது சதவீதம் கொடு' என்று ஒருவர் வருகிறார்.

வேண்டாம். அவர் எழுதப்போகும் மெயிலை நீங்களே எழுதலாம்.

கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள், அல்லது மிகக் குறைத்துவிட்டார்கள். இனி?

முதலில், எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் கேளுங்கள். 'முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்ற வவுச்சரில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அவர்கள் ஒப்புக்கொண்ட தொகையை முன்பணமாகத் தரச் சொல்லி, மீதிக்கு ஆட்சேபம் இருப்பதாக எழுதிக் கொடுங்கள்.

அடுத்து, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளத்திலும் பதியலாம், தொலைபேசி 155255. ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தியில்லாவிட்டாலோ, புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள்; தனிநபர் பாலிசியோடு சிறு கடைக்காரர்களின் பாலிசியும் இதில் வரும். கம்பெனியின் கடைசிப் பதில் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஆம்பட்ஸ்மேன் கொடுக்கும் தீர்ப்பைக் கம்பெனி 30 நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும்.

அதைவிடப் பெரிய தொகை என்றால் நுகர்வோர் ஆணையம்; அதற்குக் கெடு இரண்டு வருடம். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் வழக்கு நடத்த முடியாது. என்னைக் கேட்டால் சாதாரண வீட்டுக் கிளெய்முக்கு ஆம்பட்ஸ்மேனிடம் முதலில் போவதுதான் நல்லது. போகும்போது பாலிசி, மெயில்கள், சர்வே அறிக்கை, படங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரு பக்கத்தில் என்ன நடந்தது, எவ்வளவு கேட்கிறீர்கள் என்று தமிழிலேயே எழுதி வையுங்கள்.